போர்க்கப்பலின் ஆப்ஸ் ரூம்: ரேடாரில் விழும் புள்ளி யார் யார் கையைத் தாண்டிப் போகிறது? வேலூர்ப் பையன்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

எங்கள் கணியம்பாடிப் பக்கம் ராணுவத்தைப் பற்றி யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே இன்னொரு பெயர் உண்டு. கடற்படை கதை வேறு. கடல் இங்கிருந்து சுமார் 140 கிலோமீட்டர். பாலாற்றில் தண்ணீர் ஓடினாலே போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கிற ஊர்க்காரர்கள் நாம். போன மாதம் பக்கத்து வீட்டுப் பையன் வந்தான். அக்னிவீர் தேர்வில் ஜெயித்து, ஒடிசாவில் இருக்கும் ஐ.என்.எஸ். சில்காவுக்குப் பயிற்சிக்குக் கிளம்பப் போகிறவன். "மாமா, ரேடார் பிரிவுன்னா இன்னா வேலை? ஸ்கிரீனப் பாத்துகினு ஒக்காந்துருக்கறதுதானா?" என்றான்.

பாதி வேலை அதுதான், இடம் ஆப்ஸ் ரூம், அதாவது ரேடார் திரைகளைப் பார்த்துக் கப்பலின் சண்டையை நடத்தும் அறை. மீதிப் பாதியைச் சொல்லத் தொடங்கினேன், ராத்திரி சாப்பாடு ஆறிப்போனது. அன்றைக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். நம் கப்பல்களின் உள்விவரம் எதுவும் இதில் வராது, எதிர்பார்க்கவும் வேண்டாம். பொதுவாக உலகம் அறிந்த விஷயங்களை வைத்தே நிறையப் புரிந்துகொள்ளலாம்.

படி 1: எதிரொலியிலிருந்து தொடங்கு

மலைக்கு எதிரே நின்று கத்தினால் குரல் திரும்பி வரும். வர 2 விநாடி ஆனால் மலை ஏறக்குறைய 340 மீட்டர் தள்ளி இருக்கிறது, ஏனென்றால் ஒலி போக ஒரு விநாடி, வர ஒரு விநாடி. ரேடார் செய்வதும் இதுவேதான், கத்துவது ரேடியோ அலையில், அவ்வளவுதான். அது ஒளியின் வேகத்தில் போவதால் கணக்கு மைக்ரோ விநாடிக்கு வந்துவிடுகிறது: திரும்பி வர 1 மைக்ரோ விநாடி ஆனால் பொருள் 150 மீட்டரில் இருக்கிறது. கடல் மைல் கணக்கில் (1852 மீட்டர்) ஒரு மைலுக்கு ஏறக்குறைய 12.35 மைக்ரோ விநாடி. ஆன்டெனா அந்த நேரம் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்ததோ அதுதான் திசை, கப்பலில் இதற்குப் பேரிங் என்று பெயர். தூரமும் பேரிங்கும் சேர்ந்தால் திரையில் ஒரு புள்ளி.

இதில் இரண்டு சிக்கலை ஆரம்பத்திலேயே மண்டையில் ஏற்றிக்கொள். ரேடார் அனுப்பும் துடிப்பு 1 மைக்ரோ விநாடி நீளம் என்றால், ஒரே திசையில் 150 மீட்டருக்குள் முன்னும் பின்னுமாக நிற்கும் இரண்டு படகுகள் ஒரே புள்ளியாகத்தான் தெரியும். பக்கவாட்டிலும் அப்படியே. கற்றையின் அகலம் 1 டிகிரி என்றால் 20 கிலோமீட்டரில் அது 350 மீட்டர் விரிந்திருக்கும். ஆக, திரையில் ஒரு புள்ளி என்றால் கடலிலும் ஒன்றே ஒன்று என்று நினைத்துவிடாதே.

படி 2: கடல் உருண்டை என்பதை நம்பு

ரேடார் வாங்கினால் 300 கிலோமீட்டர் தெரியும் என்று விளம்பரப் படங்கள் சொல்லும். தெரியும், உயரத்தில் பறக்கும் விமானம் என்றால். கடல் மட்டத்தில் வருவதைப் பூமியின் வளைவு மறைத்துவிடும். இதற்கு ஒரு சின்னக் கணக்கு உண்டு. ஆன்டெனா எத்தனை மீட்டர் உயரம் என்று பார், அதன் வர்க்கமூலத்தை 4.1 ஆல் பெருக்கு, அதுதான் கிலோமீட்டரில் அடிவானம். எதிரில் வரும் பொருளுக்கும் இதையே செய்து இரண்டையும் கூட்டு.

25 மீட்டர் உயரத்தில் ஆன்டெனா என்று வைத்துக்கொள்வோம். வர்க்கமூலம் 5, அடிவானம் ஏறக்குறைய 20.5 கிலோமீட்டர். கடலை ஒட்டி 4 மீட்டர் உயரத்தில் ஓர் ஏவுகணை வருகிறது, அதன் பங்கு 8 கிலோமீட்டர் சொச்சம். மொத்தம் 29 கிலோமீட்டருக்கு வந்த பிறகுதான் ரேடாருக்கே அது தலையைக் காட்டும். விநாடிக்கு 300 மீட்டர் வேகம் என்றால் உனக்கு இருப்பது ஒன்றரை நிமிடம். ஒலியைவிட மூன்று மடங்கு வேகத்தில் வந்தால் அரை நிமிடம். ஆப்ஸ் ரூமில் எல்லாரும் ஏன் சுருக்கமாகப் பேசுகிறார்கள் என்று பையன் கேட்டான், இதனால்தான்.

உயரம் எவ்வளவு உதவும் என்பதற்கு நம்மூர் உதாரணம்: ஏலகிரி சுமார் 1,100 மீட்டர். சுற்றிலும் கடல் என்று கற்பனை செய்தால், உச்சியில் வைத்த ரேடாருக்குக் கடல்மட்டம் 135 கிலோமீட்டர் வரை தெரியும். இன்னும் உயரம் வேண்டுமென்றால் விமானம்தான். அந்த விமானமும் நம் பழைய வட ஆற்காட்டிலேயே இருக்கிறது. அரக்கோணத்தில் 1992 முதல் இயங்கும் ஐ.என்.எஸ். ராஜாளியிலிருந்துதான் பி-8ஐ கடல் ரோந்து விமானங்கள் கிளம்புகின்றன. 10,000 மீட்டர் உயரத்துக்கு அதே கணக்கைப் போட்டால் 410 கிலோமீட்டர் வருகிறது. (2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் மூடியபோது பயணிகள் விமானங்கள் இறங்கி ஏறிய அதே தளம். நம்மில் பலருக்கு அது கடற்படைத் தளம் என்பதே அன்றைக்குத்தான் தெரியும்.)

படி 3: ஒரு கப்பலில் ஏன் இத்தனை ரேடார்?

சுருக்கமாகச் சொல்கிறேன். அலைநீளம் கூடினால் தூரம் போகும், மழையைத் துளைக்கும், ஆனால் ஆன்டெனா பெரிதாகும், நுணுக்கம் குறையும். அலைநீளம் குறைந்தால் எல்லாம் தலைகீழ். எல்லாவற்றையும் செய்யும் ஒரே ரேடார் கிடையாது, ஆளுக்கொரு வேலை.

வழிகாணும் ரேடார் பெரும்பாலும் எக்ஸ் பேண்ட் (பேண்ட் என்றால் அலைவரிசை), 3 சென்டிமீட்டர் அலை. கரையும் படகும் கூர்மையாகத் தெரியும், மழை வந்தால் திணறும். எஸ் பேண்ட் 10 சென்டிமீட்டர், மழையில் தைரியமாக நம்பலாம். தூரத்து விமானங்களைத் தேட எல் பேண்ட். கடைசியில் ஆயுதத்தை வழிநடத்தும் ரேடார். அது சுற்றிக்கொண்டிருக்காது, ஒரே இலக்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். நம்மிடம் ஐ.என்.எஸ். கமோர்ட்டா வகைக் கப்பல்களில் இருக்கும் ரேவதி, டி.ஆர்.டி.ஓ. உருவாக்கிய எஸ் பேண்ட் முப்பரிமாண ரேடார், அதாவது தூரம், திசையோடு உயரத்தையும் சொல்லும். 2014-ல் பணிக்கு வந்த ஐ.என்.எஸ். கொல்கத்தாவில் இருப்பது இன்னொரு வகை: நான்கு பக்கமும் நான்கு அசையாத தட்டுகள், கற்றையை மின்னணு முறையிலேயே திருப்புவார்கள். சுற்றும் ஆன்டெனா 5 விநாடிக்கு ஒருமுறை பார்க்கிறது என்றால், அந்த இடைவெளியில் படி 2-ல் சொன்ன ஏவுகணை ஒன்றரை கிலோமீட்டர் நகர்ந்திருக்கும். தட்டு ரேடாருக்கு அந்தக் காத்திருப்பு இல்லை.

படி 4: குமிழைத் திருகக் கற்றுக்கொள்

புது ஆள் திரை முன் உட்கார்ந்ததும் செய்யும் முதல் தப்பு, படத்தைச் "சுத்தமாக்குவது". கறுப்புத் திரையில் நாலே நாலு புள்ளி, பார்க்க அழகாக இருக்கும். அழகுக்கு ஆசைப்படாதே.

வரிசை இதுதான். முதலில் கெயினைக் (எதிரொலியைப் பெரிதாக்கிக் காட்டும் குமிழ்) கூட்டு, பின்னணியில் லேசாக மணல் தூவியது போலப் பொடிப்பொடியாகத் தெரியும்வரை. பிறகுதான் கடல் அலையின் எதிரொலியைக் குறைக்கும் குமிழ், அதுவும் கப்பலைச் சுற்றி இருக்கும் வெள்ளைத் திட்டு மெலியும்வரை மட்டும், முழுசாக மறையும்வரை இல்லை. மழைக் குமிழ் கடைசி. மழை போனதும் அதை இறக்க மறக்காதே.

நான் மறந்தேன். சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, நடுநிசி வாட்ச் (பணிமுறை), மணி இரண்டரை இருக்கும். மழை கொட்டித் தீர்த்துவிட்டுப் போய் அரை மணி ஆகியும் நான் குமிழைத் தொடவில்லை. திரை சுத்தமாக இருந்தது, எனக்கும் சந்தோஷம். மேலே கப்பலை ஓட்டும் இடமான பிரிட்ஜிலிருந்து கேள்வி வந்தது: "வலது முன்பக்கம் விளக்கு தெரியுது, உங்கிட்ட என்ன இருக்கு?" என்னிடம் ஒன்றும் இல்லை. பின்னால் நின்ற சீஃப், மலையாளி, என் தோளைத் தாண்டிக் கையை நீட்டிக் குமிழை இடப்பக்கம் திருப்பினார். மூன்று புள்ளிகள், 2 மைலில். ஃபைபர் படகுகள், ரேடார் அலையைச் சரியாகத் திருப்பித் தராத ஜாதி. "மழையோடு சேர்த்து மனுசனையும் துடைச்சிட்டியேடா" என்றார். திட்டக்கூட இல்லை. அதற்கப்புறம் எத்தனையோ வாட்ச் பார்த்துவிட்டேன், மழை விட்டதும் கை தானாக அந்தக் குமிழுக்குப் போகும்.

படி 5: புள்ளியை ட்ராக் ஆக்கு

ஒருமுறை தெரிந்தால் அது வெறும் எதிரொலி, அலையாக இருக்கலாம், பறவைக் கூட்டமாக இருக்கலாம். அடுத்தடுத்த சுற்றிலும் நியாயமான இடத்தில் தெரிந்தால் அதற்கு ஓர் எண் கொடுப்பார்கள், அதன் பிறகு அது ட்ராக். இப்போது கணினியே வேகமும் பாதையும் போட்டுக் கொடுத்துவிடும். இருந்தாலும் கையால் போடத் தெரிந்தவனுக்குத்தான் கணினி உளறும்போது உறைக்கும், இது என் பிடிவாதம். பழைய கப்பல்களில் கண்ணாடி போன்ற பலகைக்குப் பின்னால் ஒருவர் நின்று, முன்னால் இருப்பவர்களுக்கு நேராகத் தெரியும்படி எழுத்தையும் எண்ணையும் இடவலம் மாற்றி எழுதுவார். அதைப் பழகிய தாத்தாக்கள் இன்றும் கண்ணாடி எழுத்தில் கையெழுத்துப் போடுவார்கள்.

வீட்டிலேயே பழக ஒரு கணக்கு தருகிறேன். உன் கப்பல் நேர் வடக்கே (000) 15 நாட், அதாவது மணிக்கு 15 கடல் மைல் வேகத்தில் போகிறது. ஒரு கப்பல் பேரிங் 045-ல் (வடக்கிலிருந்து வலமாக 45 டிகிரி, வடகிழக்கு) 10 மைலில் தெரிகிறது. 6 நிமிடம் கழித்துப் பார்த்தால் பேரிங் அதே 045, தூரம் 8.5 மைல்.

முதல் விஷயம், பேரிங் மாறவில்லை, தூரம் குறைகிறது. பொய்கை மாட்டுச்சந்தைக்குப் போகும் கிளைச்சாலையில் நீ பைக்கில் போகிறாய், ஹைவேயில் ஒரு லாரி. பார்க்கும்போதெல்லாம் லாரி உன் வலது தோளுக்கு நேராகவே இருக்கிறது, ஆனால் பெரிதாகிக்கொண்டே வருகிறது என்றால் இரண்டு பேரும் முனையில் சந்திக்கப் போகிறீர்கள். கடலில் மோதலைத் தவிர்க்க 1972-ல் வகுத்த சர்வதேச விதிகளில் 7-வது விதி சொல்வதும் இதையே.

அடுத்தது, 6 நிமிடம் என்பது மணியில் பத்தில் ஒரு பங்கு. அதில் நகர்ந்த மைலைப் பத்தால் பெருக்கினால் நாட். 1.5 மைல் குறைந்திருக்கிறது, ஆக நெருங்கும் வேகம் 15 நாட். மீதி 8.5 மைலுக்கு 34 நிமிடம்.

மூன்றாவது, அவன் உண்மையில் எங்கே போகிறான்? காகிதத்தில் வடக்கே 15 அலகு ஒரு கோடு போடு, அது நீ. அதன் நுனியிலிருந்து 225 திசையில் (045-க்கு நேர் எதிர்) 15 அலகு இன்னொரு கோடு, அது உன் கண்ணுக்குத் தெரிந்த நகர்வு. தொடங்கிய இடத்தையும் முடிந்த இடத்தையும் இணைத்தால் அவனுடைய பாதை: ஏறக்குறைய 292, வேகம் 11.5 நாட். வலப்புறமிருந்து உன் முன்னால் குறுக்கே போகிறான். 15-வது விதிப்படி வலப்புறம் மற்றவனை வைத்திருப்பவன்தான் விலக வேண்டும், அதாவது நீ. அவன் மூக்குக்கு முன்னால் பாயாமல், வலப்பக்கம் திரும்பி அவன் பின்னால் போ.

படி 6: அறைக்குள் யார் யார்?

கதவைத் திறந்தால் முதலில் தாக்குவது குளிர். கருவிகள் சூடாகும் என்பதால் ஏசி எப்போதும் முழுவீச்சில் ஓடும். வேலூர் வெயிலில் வளர்ந்த எனக்கு மே மாதத்தில் ஸ்வெட்டர் போட்ட அனுபவம் அங்கேதான். வெளிச்சம் மங்கல், ஜன்னல் கிடையாது. நம்மிடமும் ஆங்கிலேயர்களிடமும் இதன் பெயர் ஆப்ஸ் ரூம், அமெரிக்கர்கள் சி.ஐ.சி. என்பார்கள்.

அடிமட்டத்தில் ரேடார் ஆபரேட்டர்கள், ஒருவர் கடல்பரப்பை, ஒருவர் வானத்தை. இவர்கள் தீர்ப்புச் சொல்லக் கூடாது, கண்டதைச் சொல்ல வேண்டும். பக்கத்தில் எலெக்ட்ரானிக் வார்ஃபேர் ஆபரேட்டர். அவர் எதையும் அனுப்புவதில்லை, காதை மட்டும் தீட்டி வைத்திருப்பார். எதிரியின் ரேடார் அலை நம் மேல் பட்டால் அதன் அதிர்வெண்ணையும் துடிப்பையும் வைத்து எந்த வகை ரேடார் என்று சொல்லிவிடுவார், பெரும்பாலும் நம் ரேடார் பார்ப்பதற்கு முன்பே. டார்ச் அடிப்பவனுக்கு எதிராளி முகம் தெரியும் தூரத்தைவிட, டார்ச் வெளிச்சம் எதிராளிக்குத் தெரியும் தூரம் அதிகம், அதே கதை. கப்பல்கள் சில நேரம் ரேடார் அனைத்தையும் அணைத்துவிட்டு இருட்டில் போவதும் அதனால்தான்.

இவர்களுக்கு மேலே சூப்பர்வைசர்கள், வான் படத்துக்கு ஒருவர், கடல் படத்துக்கு ஒருவர். என்னைக் கேட்டால் அறையின் முதுகெலும்பு இவர்கள்தான். ஒரே கப்பலுக்கு இரண்டு ட்ராக் எண் விழுந்திருக்கிறதா, எண் மாறிவிட்டதா, எதை மேலே சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது, எல்லாம் இவர்கள் தலையில். அப்புறம் நீருக்கடியில் ஒலியால் தேடும் சோனார் ஆட்கள், விமானத்தையும் ஹெலிகாப்டரையும் ரேடியோவில் வழிநடத்தும் கன்ட்ரோலர், ஆயுத ரேடாரில் ஒருவர், மற்ற கப்பல்களோடு படத்தைப் பகிரும் டேட்டா லிங்க் ஆள், நடப்பதையெல்லாம் நேரம் போட்டு எழுதுபவர். நடுவில் போர் நடவடிக்கை அதிகாரி. ஆங்கிலேயர் பி.டபிள்யூ.ஓ. என்றும், அமெரிக்கர் டி.ஏ.ஓ. என்றும் சொல்லும் பதவி. கேப்டன் இல்லாத நேரத்தில் கப்பல் எப்படிச் சண்டையிடுவது என்பதை முடிவு செய்பவர் இவரே. பிரிட்ஜில் இருக்கும் வாட்ச் அதிகாரியிடம் சுக்கான், இவரிடம் ஆயுதம். இருவரும் ஒருவரை ஒருவர் நம்பாவிட்டால் கப்பல் ஓடும், போரிடாது.

படி 7: பேசக் கற்றுக்கொள்

இதற்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொண்டேன். பையனுக்குப் போரடித்தது, பரவாயில்லை.

வரிசை மாறாமல் சொல்: ட்ராக் எண், பேரிங், தூரம், பாதை, வேகம், எவ்வளவு நெருங்கும், எப்போது. பேரிங் எப்போதும் மூன்று இலக்கம், "நாற்பத்தைந்து" இல்லை, "ஜீரோ ஃபோர் ஃபைவ்". கேட்டவர் திருப்பிச் சொல்ல வேண்டும். திருப்பிச் சொல்லவில்லை என்றால் கேட்கவில்லை என்றே வைத்துக்கொள், இன்னொருமுறை சொல், முறைத்தாலும் சொல்.

ஏன் இவ்வளவு கெடுபிடி என்பதற்கு இரண்டு சம்பவங்கள். 1982 மே 4, பிரிட்டனுக்கும் அர்ஜென்டினாவுக்கும் நடந்த ஃபாக்லாண்ட் போர். பிரிட்டிஷ் கப்பல் ஷெஃபீல்டை எக்ஸோசெட் ஏவுகணை தாக்கி 20 பேர் இறந்தார்கள். பக்கத்தில் இருந்த கிளாஸ்கோ கப்பல் வந்த விமானங்களைக் கண்டுபிடித்து எச்சரித்தது. ஆனால் முந்தைய நாட்களில் பொய் எச்சரிக்கைகள் நிறைய வந்திருந்ததால் அதற்கு மதிப்பில்லாமல் போனது. ஷெஃபீல்டில் அந்த நேரம் செயற்கைக்கோள் தொடர்பு ஓடிக்கொண்டிருந்ததால், எதிரி ரேடாரை உணரும் கருவி செவிடாகியிருந்தது. வான் பாதுகாப்பு அதிகாரி காபிக்காக வெளியே போயிருந்தார் என்று விசாரணை அறிக்கை சொல்கிறது.

அடுத்தது இதைவிட மோசம். 1988 ஜூலை 3, பாரசீக வளைகுடாவில் அமெரிக்கக் கப்பல் வின்சென்ஸ், ஈரானின் பயணிகள் விமானம் 655-ஐப் போர் விமானம் என்று நினைத்துச் சுட்டது. 290 பேர். ரேடார் பதிவில் விமானம் மேலே ஏறிக்கொண்டிருந்தது, அறையில் பேசியவர்கள் இறங்குகிறது என்றார்கள். பின்னர் வந்த ஆய்வுகள் சுட்டிய காரணங்களில் ஒன்று ட்ராக் எண். விமானத்துக்கு முதலில் 4474 என்ற எண், பிறகு 4131 என்று மாறியது. பழைய எண் தொலைவில் வேறொரு விமானத்துக்குப் போய்விட்டது, அது இறங்கிக்கொண்டிருந்தது. கேப்டன் பழைய எண்ணைச் சொல்லிக் கேட்டால் பதில் எந்த விமானத்தைப் பற்றியதாக இருக்கும்? அன்றைய தேதியில் உலகின் மிக நவீன ரேடார்களில் ஒன்று அது, அதில் கோளாறு எதுவும் இல்லை. "எண் மாறிவிட்டது சார்" என்று உரக்கச் சொல்ல ஒரு குரல் இல்லை.

படி 8: வாட்ச் மாற்றும்போது

கடலில் நாள் நான்கு நான்கு மணி நேரமாகப் பிரியும். மாலை 4 முதல் 8 வரை உள்ளதை மட்டும் இரண்டாக உடைத்து டாக் வாட்ச் என்பார்கள். அப்படி உடைத்தால்தான் ஒரே ஆளுக்குத் தினமும் நடுநிசி வாட்ச் விழாது. பதற்றமான பகுதியில் ஆறு மணி நேரம் வேலை, ஆறு மணி நேரம் ஓய்வு என்று மாறும், அந்த ஓய்விலும் சாப்பாடு, துணி, பராமரிப்பு எல்லாம் அடங்கும்.

கால் மணி நேரம் முன்னாலேயே போ. இருட்டுக்குக் கண் பழக வேண்டும், பழைய ஆளின் பின்னால் நின்று திரையைப் பார்க்க வேண்டும். அவனிடம் கேட்க வேண்டியவை: எந்த ரேடார் ஓடுகிறது, எது அணைத்திருக்கிறது, யார் சொல்லி அணைத்தார்கள், எந்தெந்த ட்ராக் கவனிக்க வேண்டியது, எண் ஏதாவது மாறியதா, குமிழ்கள் எங்கே நிற்கின்றன, கேப்டன் எதற்கெல்லாம் எழுப்பச் சொல்லியிருக்கிறார். நெருங்கி வரும் ட்ராக் ஒன்று பாதியில் இருந்தால் வாங்காதே, அது முடியட்டும். எல்லாம் புரிந்த பிறகுதான் "வாட்ச் என்னிடம்" என்று சொல், எல்லார் காதிலும் விழும்படி. அந்த வார்த்தைக்குப் பிறகு திரையில் தவறும் ஒவ்வொரு படகும் உன் கணக்கு.

பையன் மறுநாள் காலையில் வந்தான். படி 5 கணக்கை நோட்டில் போட்டிருந்தான், 292 வந்திருந்தது, வேகம் மட்டும் 12. கோடு தடிமனாக இருந்தது, பென்சிலைச் சீவச் சொல்லி அனுப்பினேன்.